துண்டு போடாத நாள்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையும் நீ பாதியில் வைக்கலாம், ஆனால் மீதி எங்கேயும் போகாது. மேசை மேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும்.

என்னைக் கேட்காமல் அப்பாவின் வீட்டில் கேமரா வைத்தாய். ஏன் என்று கேட்டால், "அப்ப நீயே வந்து பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தாய். அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் தனியாக இருக்கிற மனிதர். காலையில் எழுந்து கொட்டாவி விடுவதிலிருந்து சட்டை மாற்றுவது வரை ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண் மட்டுமா, காதும் இருக்கிறதாம். கேட்கவே எனக்குக் கூசுகிறது.

சரி, அதை விடு. விடமாட்டேன், ஆனால் இப்போதைக்கு விடுகிறேன்.

எங்கள் நூலகத்தில் இந்த மாதம் எல்லோரும் ஒரே நாவலைப் படிக்கிறோம். 'மூலையில் ஒரு முக்காலி'. கல்லூரியில் உனக்குப் பாடமாக இருந்தது, நீ படித்திருக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு ஊரில் அரசாங்கம் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்புகிறது. அவன் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வீட்டில் பேசுகிற பேச்சையெல்லாம் எழுதி, மாலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவன் வாய் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் அவனோடு பேசக் கூடாது, ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தரக் கூடாது. கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவனும் அவன் மனைவியும் அந்த முக்காலிக்காரனை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பதுதான் கதை. கேமரா என்றால் கல்யாண வீட்டுப் படப்பெட்டி என்று மட்டும் தெரிந்திருந்த காலத்தில் எழுதியது.

நுழைவாயில் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். படித்தவர்கள் தங்கள் கருத்தைச் சீட்டில் எழுதிக் குத்தலாம். தலைமை நூலகர் பாராட்டை மட்டும் குத்தச் சொல்கிறார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கல்லூரிப் பெண், 'இன்றைக்கு முக்காலி நம் பைக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு நாமே சார்ஜும் போடுகிறோம்' என்று எழுதினாள். பின்னாலேயே இன்னும் ஏழெட்டுப் பேர் அதையே எழுதிவிட்டார்கள். ஓய்வு பெற்ற பதிவாளர் ஒருவர், 'ஒளிவுமறைவு இல்லாதவனுக்கு முக்காலியால் என்ன கஷ்டம்?' என்று எழுதினார். அதன் கீழே யாரோ, 'ஐயா, உங்கள் குளியலறையில் முதலில் போட்டுப் பாருங்கள்' என்று எழுதிவிட்டார்கள். தையற்கடைப் பெண் ஒருத்தி எழுதியது: 'என் மாமியார் இந்தப் புத்தகத்தைப் படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.'

உனக்கு ஒரு பிரதி இதோடு வருகிறது. அப்பாவுக்கும் ஒன்று அனுப்பிவிட்டேன். இரண்டு பேருமே கருத்து எழுத வேண்டும். முக்கியமாக நீ. படித்தால் உனக்கே உறைக்கும்.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

உறைக்கட்டும் என்றுதானே அனுப்பினாய். அன்பளிப்பு மாதிரித் தாள் சுற்றி வேறு.

எனக்குக் கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கிற பழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். அதனால் முடிவு எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. கடைசியில் அந்தக் கடிகாரக்காரன் கையிலேயே ஒரு முக்காலியைக் கொடுத்து வேறொரு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நல்ல பிள்ளையாகப் போய் உட்காருகிறான். உன் பலகையில் இதைப் பற்றி ஒருவராவது எழுதினார்களா? எழுதியிருக்க மாட்டார்கள்.

கருத்து கேட்டாயே, எழுதிக்கொள். எல்லோரும் வீட்டுக்காரனுக்காகக் கண்ணைக் கசக்குகிறீர்கள். அந்த முக்காலிக்காரனை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? முக்காலியில் சாய்வதற்கு இடம் கிடையாது. நாள் முழுக்க முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். அடுத்தவர் வீட்டில் சிரித்தால் கேட்க வேண்டும், தான் சிரிக்கக் கூடாது. அவனுக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும். அங்கே யார் இருமுகிறார்கள், யார் விழுந்து கிடக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? முதுகு விட்டுப்போகிறது. யாராவது ஒரு ஆள், 'எழுந்து போய்ப் படுத்துக்கொள்' என்று சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது. இதுதான் என் கருத்து.

இப்போது உன் கேமரா விஷயம். அப்பா பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, பாத்திரம் கருகி, புகை வந்து, எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டியதை உனக்குச் சொல்லியிருக்கிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததை அவர் எனக்கே சொல்லவில்லை. முழங்கையில் சிராய்ப்பைப் பார்த்து நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு வேலை பார்சல் கிடங்கில். பெல்ட் ஓடும்போது சூப்பர்வைசர் நகரக் கூடாது. அங்கேயிருந்து அப்பா வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். என்னோடு வந்து இருங்கள் என்றால், உங்கம்மா இருந்த வீடு என்கிறார். என்ன செய்யச் சொல்கிறாய்? ஒன்று கேமரா, இல்லாவிட்டால் முதியோர் இல்லம். இரண்டில் எது மரியாதை என்று நீயே சொல். வாய் வைத்த கேமராவும் இருக்கிறது, இங்கேயிருந்தே பேசலாம். விலை அதிகம், வாங்கவில்லை. கண்ணும் காதும் போதும் என்று நினைத்தேன்.

உன் புத்தகம் போய்ச் சேர்ந்த வாரத்திலிருந்து புதுத் தலைவலி. அப்பா கேமரா மேல் துண்டைப் போடுகிறார். போட்டதும் என் போனில் அபாயச் சத்தம் வரும். நான் கையுறையைக் கழற்றி, பெல்ட்டை இன்னொருவனிடம் ஒப்படைத்து, வெளியே ஓடி வந்து போன் செய்ய வேண்டும். செய்தால், "ஓ, துண்டா? எடுத்துடறேன்பா" என்கிறார் சாவகாசமாக. உடனே வைக்கவும் விடுவதில்லை. அங்கே மழையா, ஷூ இன்னும் கடிக்கிறதா என்று ஆரம்பித்துவிடுவார். என் மேலதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். இது ஒரு நாள், இரண்டு நாள் கூத்து இல்லை. உன் புத்தகத்தை நீயே திருப்பி வாங்கிக்கொள்.

தம்பி


ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா துண்டு போடுகிறாரா! படித்ததும் எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை.

நாவலில் ஒன்பதாம் அத்தியாயம் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எங்கே இருக்கும், நீ கடைசியிலிருந்து படிக்கிறவன். கடிகாரக்காரனின் மனைவி ஈரத் துணியை உலர்த்துகிற சாக்கில் முக்காலிக்கு முன்னால் கொடி கட்டிவிடுவாள். ஒரு சேலை அகலத்துக்கு அவர்களுக்கென்று ஒரு இடம் கிடைக்கும். இத்தனை பேர் படித்தார்கள், பக்கம் பக்கமாகக் கருத்து எழுதினார்கள். புத்தகம் சொல்வதைச் செய்தவர் நம் அப்பா ஒருவர்தான். வாயே திறக்காத மனிதர் தன் துண்டால் பதில் சொல்கிறார். அதை நீ தலைவலி என்கிறாய். கழற்றிவிடு தம்பி. அவர் கேட்பது அதைத்தான்.

இன்னொரு விஷயம். கோபப்படாமல் படி. முக்காலிக்காரனைப் பற்றி நீ எழுதிய பத்தியைத் தனிச் சீட்டில் எழுதிப் பலகையில் குத்திவிட்டேன். உன் பெயர் போடவில்லை, 'ஒரு முக்காலிக்காரர்' என்று மட்டும் போட்டேன். கேமரா, இல்லம் என்று நீ சொன்ன வரிகளையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன், இல்லாவிட்டால் யாருக்கும் புரியாது. இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கருத்து அதுதான், அதனால்தான். வேறெந்தச் சீட்டுக்கும் இத்தனை பதில் வரவில்லை. பாதிப் பேர் உன்னைத் திட்டுகிறார்கள். 'பெற்ற தகப்பனை வேவு பார்த்துவிட்டு முதுகு வலி என்கிறான்' என்று ஒருவர். ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் மட்டும், 'என் காரிலும் கேமரா இருக்கிறது, என் வீட்டில் என் அம்மா தனியாக இருக்கிறார், இந்த ஆளை நான் சந்திக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்.

படிக்கிறவர்களைப் பற்றி எனக்கே சலிப்புத் தட்டிவிட்டது. புத்தகத்தை விரித்ததும் எல்லோருமே வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். முக்காலியெல்லாம் அடுத்தவருடையது. நீ ஒருவன்தான் முக்காலி என்னுடையது என்று ஒப்புக்கொண்டாய். அந்த அளவுக்கு உன்னை மெச்சுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அப்பாவுக்குப் போன் செய்தேன். மாத்திரை போட்டாராம், தூங்கினாராம். துண்டைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அது அவருடைய ரகசியமாகவே இருக்கட்டும்.

அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

சீட்டு விஷயம் நீ கடிதத்தில் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். சித்தி உங்கள் ஊரில்தான் இருக்கிறாள் என்பதும், அவள் பேப்பர் படிக்க உன் நூலகத்துக்குத்தான் வருவாள் என்பதும் உனக்கு எப்படி மறந்துபோயிற்று? பலகையைப் பார்த்திருக்கிறாள். பால் பாத்திரம் இல்லை, பெயர் இல்லை, ஆனால் கேமரா, இல்லம், பார்சல் கிடங்கு எல்லாம் இருக்கிறதே. அம்மாவின் தங்கைக்கு அது போதாதா? நேராக அப்பாவுக்குப் போன் செய்து, உங்கள் பிள்ளை இப்படி எழுதியிருக்கிறான், மூலையில் உட்கார்ந்து முதுகு வலிக்கிறதாம் என்று ஒரு வரி விடாமல் ஒப்பித்துவிட்டாள். பிறகு எனக்கும் போன் செய்து, சொல்லிவிட்டேன் என்றும் சொன்னாள்.

நான் உனக்கு எழுதியது உனக்கு மட்டும். அதை எடுத்துக்கொண்டுபோய் ஊர் பார்க்கக் குத்தியிருக்கிறாய். வீட்டுப் பேச்சை எழுதி வெளியே கொடுக்கிற வேலையைத்தானே அந்த நாவலில் முக்காலிக்காரன் செய்கிறான்? அவனுக்காவது சம்பளம் கொடுத்தார்கள். நீ ஆசையாகச் செய்தாய்.

மறுநாள் அப்பா மறுபடியும் துண்டைப் போட்டார். சத்தம் வந்தபோது கிடங்கில் ஒரு பெரிய லாரி லோடு இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் எதிரில் ஓடினேன். பயத்தில் ஓடினேன் என்று நீ நம்பமாட்டாய். போன் எடுத்தவர் நன்றாகத்தான் இருந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம். "இன்னொரு தடவை துண்டு போட்டீங்கன்னா கொண்டுபோய் இல்லத்துல விட்டுடுவேன். நான் பாக்கிற பொழப்புக்கு இதெல்லாம் முடியாது" என்று கத்திவிட்டேன். "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு மழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கத்தியது தப்புதான், ஆனால் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. நான் பதிவு செய்துவைத்திருந்த இல்லத்தில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது. ஜூலை பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் நீ அவரை அழைத்துப் போகிறாயா? மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, நீ காலையில் போனால் இருட்டித்தான் வருவாய். அங்கேயும் தனியாகத்தான் இருப்பார், ஜன்னல் மட்டும் புதிது. முடியாது என்றால் முடியாது என்று சொல். புத்தகம் அனுப்பாதே.

உன் புரட்சிக்காரர் என்னதான் செய்கிறார் என்று உனக்குக் காட்டுகிறேன். கேமராவுக்குள் ஒரு அட்டை இருக்கிறது, ஒரு மாதத்துக்கு மேலான பதிவு அதில் கிடக்கும். நான் இதுவரை எடுத்துப் பார்த்ததில்லை. சத்தம் வந்தால் மட்டும்தான் பார்ப்பேன். யாருக்கு நேரம் இருக்கிறது? இந்த ஞாயிற்றுக்கிழமை போய் அட்டையைக் கழற்றி வருகிறேன். துண்டு போட்ட ஒவ்வொரு நாளையும் பார்த்து எழுதுகிறேன். அப்புறம் சொல், அது போராட்டமா பிடிவாதமா என்று.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

அந்தச் சீட்டை எடுத்துவிட்டேன். எடுத்ததற்குத் தலைமை நூலகர் சண்டைக்கு வந்தார். கூட்டம் வருகிற ஒரே சீட்டை ஏன் எடுத்தாய் என்கிறார். என் தம்பியுடையது என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதிரிப் பார்த்தார். கேட்டிருக்க வேண்டும் உன்னை. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

சனிக்கிழமை நாவலைப் பற்றிய கூட்டம் நடந்தது. கடைசி அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, 'இங்கே யாராவது எப்போதாவது முக்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்களா?' என்று கேட்டேன். எல்லோரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். பதிவாளர்தான் எழுந்து, தான் இருந்தது முக்காலி இல்லை, கை வைத்த நாற்காலி என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும்விட்டது. கேட்ட நானே பதில் சொல்லவில்லையே.

இப்போது எழுதப் போவதுதான் முக்கியம். இரண்டு நாளாக மனசைப் போட்டு அரிக்கிறது.

அப்பாவுக்குப் போன் செய்து நாவலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். "அதான் சின்னவன்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே, அவன் உன்கிட்ட சொல்லலையா?" என்றார். எப்போது சொன்னீர்கள், அவன் வந்தானா என்று கேட்டேன். "வரலை. சொன்னேன்" என்றார். போனிலா என்றால் இல்லை என்கிறார். உன்னிடம் தினமும் பேசுவாராம். மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுவதைச் சொன்னாராம், நீ ஆள் அனுப்பினாயாம். சுவர்க் கடிகாரம் நின்றுபோனதைச் சொன்னாராம், நீ பேட்டரி வாங்கிவந்தாயாம். அவ்வளவு தெளிவாகச் சொல்கிறார். நீதான் வாரக்கணக்கில் போகவில்லை என்று எனக்குத் தெரியுமே.

நீ சொன்னபோதெல்லாம் நான் நம்பவில்லை. பால் பாத்திரம் யாருக்கும் கருகும் என்று நினைத்தேன். ஆனால் நடக்காத பேச்சை நடந்ததாகச் சொல்கிறவரை எப்படித் தனியாக விடுவது? துண்டு விஷயத்திலும் நான் ஏதோ நாவலை அவர் தலையில் ஏற்றிவைத்துப் பார்த்திருக்கிறேன். பாவம், எதற்குப் போடுகிறோம் என்று அவருக்கே தெரியாது போலிருக்கிறது.

இல்லத்துக்குச் சரி என்று சொல்லிவிடு தம்பி. நான் குறுக்கே நிற்கவில்லை. அவரைக் கொண்டுபோய் விடுகிற அன்றைக்கு நானும் வருகிறேன். உன்னை அந்த வேலையைத் தனியாகச் செய்ய விடமாட்டேன்.

அக்கா


ஜூலை 8

அக்கா,

இல்லத்துக்குப் போன் செய்து, அந்த இடத்தை வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டேன். உனக்குச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் என்னிடம் தினமும் பேசித்தான் இருக்கிறார்.

அட்டையைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துண்டு போடுகிற இடத்தை மட்டும் பார்த்து, ஒரு பட்டியல் போட்டு, உன் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்று இருந்தேன். முதலில் வந்தது ஒரு காலை. அப்பா டீக் கோப்பையோடு வந்து, கேமராவுக்கு நேராக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார். தலைமுடியை ஒதுக்கிக்கொள்கிறார். "சின்னவனே, எழுந்துட்டியா? இன்னைக்கு முட்டி பரவாயில்லப்பா" என்று ஆரம்பிக்கிறார். எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பேசுவாரோ, அப்படி. அன்றைக்குப் பேப்பரில் வந்தது, எதிர்வீட்டுக்காரர் பையனுக்கு வேலை கிடைத்தது, கனவில் அம்மா வந்து திட்டியது. பேசி முடித்து, "சரி, உனக்கு வேலை இருக்கும்" என்று எழுந்து போகிறார். அடுத்த நாளும் அதே நாற்காலி, அதே டீ.

அந்தக் கேமராவுக்குக் காது இருக்கிறது என்று மாட்டிய அன்றைக்கு நான்தான் சொன்னேன். எதையாவது சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டுமே என்று, "நீங்க என்ன பேசினாலும் எனக்குக் கேக்கும்பா" என்றேன். அவர் அதை நம்பிவிட்டார். வாய் இல்லாத கேமரா என்பதால் பதில் வராததை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்விசிறிச் சத்தத்தைச் சொன்னாராம். எலக்ட்ரீஷியனை அனுப்பியது வீட்டுச் சொந்தக்காரர், எனக்குத் தெரியவே தெரியாது. பேட்டரி நான் வேறு எதற்கோ வாங்கியது, மிச்சம் இருந்ததைப் போட்டுவிட்டு வந்தேன். அவ்வளவுதான் அக்கா. அந்த இரண்டை வைத்துக்கொண்டு என் பிள்ளை ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறான் என்று இருந்திருக்கிறார். உன்னைப் பற்றியும் இருக்கிறது. "பெரியவ கூப்பிட்டா. மாத்திரை போட்டீங்களான்னா, போட்டேன்னேன். வச்சுட்டா" என்று சிரிக்கிறார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொல்கிறார்.

துண்டுக்கு வருகிறேன். முதல் தடவை அது தற்செயல். தலை துவட்டிவிட்டு உலர்த்த இடம் பார்த்து அலமாரி மேல் வீசியிருக்கிறார், கேமரா மேல் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் படம் இருட்டு, குரல் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் போன் மணி அடிக்கிறது. நான்தான். பேசி முடித்துத் துண்டை எடுக்கிறார், முகம் முழுக்கச் சிரிப்பு. மறுநாள் கேமராவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். போடுகிறார். போய்ப் போன் பக்கத்தில் உட்காருகிற சத்தம் கேட்கிறது. மணி அடிக்கிறது. அவருக்குப் போராட்டமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. துண்டு போட்டால் பிள்ளை கூப்பிடுவான் என்று கண்டுபிடித்துவிட்டார். நீ அதில் உன் நாவலைப் பார்த்தாய், நான் திமிரைப் பார்த்தேன்.

சித்தி போன் செய்த அன்று சாயங்காலம் நாற்காலியை வழக்கத்தைவிடக் கிட்டப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "சின்னவனே, என்னைப் பாத்துப் பாத்து உனக்கு முதுகு வலிக்குதாமே. என்கிட்ட சொல்லக் கூடாதா? எழுந்து போய்க் கொஞ்சம் படுத்துக்கோப்பா. நான் ஒண்ணும் விழமாட்டேன்" என்றார். மறுநாள் காலையில், "இன்னைக்கு நீ கூப்பிட வேண்டாம், தூங்கு" என்று சொல்லித் துண்டைப் போட்டார். எனக்கு ஓய்வு கொடுப்பதற்காகப் போட்டார். அன்றைக்குத்தான் நான் அந்தக் கத்து கத்தினேன்.

அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவர் துண்டு போடவில்லை. உலர்த்துவதற்குக்கூட அந்த அறைக்குள் துண்டைக் கொண்டுவருவதில்லை. நாற்காலியைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டுவிட்டார். பேசுவதும் இல்லை.

நாவலைப் பற்றிய கருத்து உனக்கு வேண்டுமே, அதுவும் கிடைத்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்கிறார்: "பெரியவ கருத்து கேக்கறா. எனக்கு எழுத வராது, நீயே அவகிட்ட சொல்லிடு. கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் எதுக்கு இப்படி அழறாங்கன்னு எனக்குப் புரியலப்பா. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து மூலையில உக்காந்து நாம பேசறதையெல்லாம் கேக்கறான். கொடுத்து வச்சவங்க."

இதைப் பலகையில் குத்துவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். நான் கோபப்பட மாட்டேன். உன் கல்லூரிப் பெண்ணும் பதிவாளரும் இதற்கு என்ன பதில் எழுதுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாகக்கூட இருக்கிறது.

கேமராவைக் கழற்றுவதா, இருக்கட்டும் என்று விடுவதா, எனக்குத் தெரியவில்லை. பால் பாத்திரம் இன்னும் கருகத்தான் செய்யும். பெல்ட்டும் ஓடத்தான் செய்யும். ஒரு பதிவைக் கேட்டதால் எனக்கு நேரம் எங்கிருந்தோ முளைத்துவிடப் போவதில்லை. யார் மேல் எரிச்சல் என்றே தெரியாமல் எல்லோர் மேலும் எரிச்சலாக வருகிறது. நீ லீவு போட்டு வா. கொண்டுபோய் விடுவதற்கு இல்லை, சும்மா வா.

நேற்று டீ இடைவேளையில் நானாகவே அவருக்குப் போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் எடுத்தார். குரலில் ஒரு பதற்றம்.

"நான் இன்னைக்குத் துண்டு போடலையேப்பா. எதுக்குக் கூப்பிட்ட?"

சாப்பிட்டீங்களா என்று கேட்டேன்.

தம்பி